ஐஸ் கம்பெனிக் கதவு

எங்கள் சபை கூடுகிற மண்டபம் முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்தது. இதைக் கேட்டால் புதியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மற்ற ஆலயங்களில் காலையில் சொன்ன பிரசங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கெட்டுப்போகிறது. எங்கள் சுவர்களுக்குள் குளிர் கசியாமல் இருக்க முழங்கை ஆழத்துக்குத் தக்கை அடைத்திருப்பதால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அடுத்த சனிக்கிழமை வரை புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். வார நடுவில் நான் பெருக்கப் போகும்போது, பெஞ்சுக்கு அடியில் யாரோ சொன்ன 'ஆமென்' ஒன்று கிடக்கும். தொட்டுப் பார்த்தால் இன்னும் சில்லென்றிருக்கும்.

தரையும் சாதாரணத் தரை இல்லை. ஐஸ் உருகிய தண்ணீர் ஓட வேண்டும் என்று பின்சுவரிலிருந்து முன்பக்கச் சாக்கடை வரை சரிவாகப் போட்டது. அந்தச் சாக்கடைக்கு மேல் பலகை அடித்துத்தான் பிரசங்க மேடை நிற்கிறது. "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்று மற்ற சபைகளில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒருவரும் கடைசி வரிசையை விட்டு நகர மாட்டார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவர் பிரசங்கம் முடிவதற்குள் தானாகவே முதல் வரிசைக்கு வந்து சேர்ந்துவிடுவார். பிரசங்கம் நீண்டுபோன நாட்களில் மேடையில் முட்டிக்கொண்டு மனந்திரும்பியவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை அந்தக் கதவுதான். இரும்புத் தகடு போர்த்திய, மெத்தைப் பருமன் உள்ள கதவு. ஒரு பெரிய நெம்புத் தாழ்ப்பாள். சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே உலகம் முடிந்தாலும் வெளியே தெரியாது. அதைத் திறக்க இடுப்பால் ஓர் இடி, தோளால் ஒரு தள்ளு, தாழ்ப்பாளை மேலே தூக்கியபடி ஒரு பெருமூச்சு, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். கம்பெனி ஓடிய காலத்தில் ஐஸ் பாளங்களைத் தள்ளிக்கொண்டு அதைத் திறந்து மூடியவன் நான். சபை கட்டடத்தை வாங்கியபோது, கதவு திறக்கத் தெரிந்த ஆளையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். அப்படி நானும் கதவோடு சபைக்கு வந்து சேர்ந்தேன். இன்றைக்கும் நான்தான் வாசல்காரன்.

கதவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் எங்கள் வழக்கம். வேத புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து முடித்ததும் பாஸ்டர் "காத்திருப்போம்" என்பார். நான் கதவைச் சாத்துவேன். மேளம் கிடையாது, கீபோர்டு கிடையாது, பாட்டு எண் சொல்வது கிடையாது. ஆண்டவருடைய பிரசன்னத்துக்காக எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருப்போம். யாருடைய உள்ளம் ஏவப்படுகிறதோ அவர் முதல் பாட்டைத் தொடங்கலாம். பாஸ்டர் மட்டும் தொடங்கக் கூடாது. அது சபையின் பங்கு. பாட்டு எழும்பியதும் நான் கதவைத் திறப்பேன். வெளியே காத்திருக்கிற தாமதக்காரர்கள் பாட்டோடு பாட்டாக உள்ளே வருவார்கள்.

வழக்கம் இதுதான். நடந்தது வேறு. சபை தொடங்கிய நாளிலிருந்து ஏவப்பட்டது என் மனைவியின் உள்ளம் ஒன்றுதான். வேறு யாருக்காவது ஏவுதல் வந்திருந்தாலும், இவள் குரலைக் கேட்டதும் அது வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். அப்படிப்பட்ட குரல். ஒருமுறை அவள் தொடங்கியபோது நான் கதவைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிட்டேன். தெருவில் போன லாரி, பின்னால் ஏதோ பெரிய வண்டி ஹாரன் அடிக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டது. காது கேளாத பெரியவர் ஒருவர் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தார். அவள் பாடி அவருக்குக் காது கேட்டது என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய பொய் எனக்கு வராது. ஆனால் ஒருநாள் என் கையைப் பிடித்து, "அம்மாவைக் கொஞ்சம் மெதுவா பாடச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்.

ஆக, "காத்திருப்போம்" என்றதும் தையல்காரம்மா பாட்டுப் புத்தகத்தில் என் மனைவிக்குப் பிடித்த பக்கங்களைப் புரட்டி வைத்துக்கொள்வார். சலூன்காரர் ஒரு குட்டித் தூக்கம் போடுவார். யாரும் யாருக்காகவும் கவலைப்படவில்லை.

இந்தச் சபைக்குத்தான் என் மகள் பாஸ்டராக வந்தாள்.

அவள் படித்த இறையியல் கல்லூரியில் அவளுடைய பிரசங்கத்தைக் கேட்டு ஒரு பேராசிரியர் அழுதாராம். அழுதது உள்ளம் உடைந்தா, வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அவள் பல் முளைப்பதற்கு முன்பே பேசியவள். பல் முளைக்கத் தாமதமானதே வாய் ஓயாததால்தான் என்று டாக்டர் சொன்னார். 'பாஸ்டரம்மா' என்றால் பாஸ்டரின் மனைவி என்றே பழகிய சபையாருக்கு முதலில் தடுமாற்றம். பாஸ்டரே அம்மாவாக இருந்தால் என்னவென்று கூப்பிடுவது? சலூன்காரர் அவளை இன்றுவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார். வாய் தவறிக்கூட அவர் மரியாதை குறைந்ததில்லை.

அவள் வந்த சில மாதங்களில் செய்தி வந்தது. சபைகளுக்கெல்லாம் கண்காணிப்பாளராக இருக்கிற ஐயா நேரில் வருகிறார். சின்னச் சபைகளை மூடி, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சபையோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்தில் பேச்சு. எங்கள் ஆராதனையைப் பார்த்து, இங்கே உயிர் இருக்கிறதா இல்லையா என்று அவர் முடிவு செய்வார். இல்லை என்றால் கதவை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். என் மகளுக்கு அதுதான் முதல் சபை.

பெரிய சபையைக் குறை சொல்லக் கூடாது. கலர் விளக்கு, டிரம், பெரிய திரை எல்லாம் உண்டு. ஆராதனை உச்சத்துக்குப் போகும்போது மேடையில் புகை விடுவார்கள். ஒருமுறை சலூன்காரர் அங்கே விருந்தாளியாகப் போயிருந்தார். புகையைப் பார்த்ததும் தீப்பிடித்துவிட்டது என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் டிரம்காரர் தலையில் ஊற்றிவிட்டார். அதன் பிறகு அவருக்கு அங்கே போக முகம் இல்லை.

"அங்க சேத்துட்டாங்கன்னா நான் எந்த மூஞ்சியோட போவேன்?" என்று என்னிடம் புலம்பினார். "உங்க குடும்பக் கம்பெனி இது. வாசல்ல நீங்க, பாட்டுக்கு அக்கா, மேடையில ஐயா. எப்படியாவது காப்பாத்துங்கண்ணே."

"கம்பெனி ஆண்டவரோடது. நாங்க வெறும் தொழிலாளிங்க" என்றேன்.

"அப்ப முதலாளி கிட்ட சொல்லி வைங்க, ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட வேணாம்னு."

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆண்டவர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்காணிப்பாளர் வருகிற நேரம் பார்த்து வருவாரா என்பதுதான் கவலை.

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரம் முழுக்க மண்டபத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். உள்ளம் ஏவப்படும்போது தானாக வரவேண்டிய பாட்டுக்கு வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த ஒரே பெண்மணி அவளாகத்தான் இருப்பாள். நானும் வாசலில் உட்கார்ந்து, "இன்னும் மேல போ, கண்காணிப்பாளர் கண்ணாடி எகிறணும்" என்று ஏற்றிவிட்டேன்.

ஞாயிறு காலை. சமையலறையில் அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. எனக்குத்தான் காது போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. காது இருந்தது. போனது அவள் குரல்.

மாடியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்குப் பாத்தாம்மா?"

அவள் தாய் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னைச் சுட்டிக் காட்டினாள்.

"நான் என்ன பண்ணேன்?"

இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, கண்ணை உருட்டினாள். இன்னும் மேல போ என்று சொன்னது யார் என்று அர்த்தம். எங்களுக்குக் கல்யாணம் ஆகி எவ்வளவோ காலமாயிற்று. சத்தம் இல்லாமல் திட்டினாலும் எனக்கு ஒரு சொல் தவறாது.

"சரி, விடும்மா. நீயே ஆரம்பிச்சிடு" என்றேன் மகளிடம்.

"பாஸ்டர் ஆரம்பிக்கக் கூடாதுப்பா."

"எல்லாரும் கண்ணை மூடிட்டுத்தானே இருப்பாங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்காகக் காத்திருக்கோமோ அவருக்குத் தெரியுமே."

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை. பிறகு, "அப்ப நான் வேணா ஆரம்பிக்கட்டுமா?" என்றேன்.

"வே..." என்றாள் என் மனைவி. குரல் போனவளுக்கும் அந்த ஒரு எழுத்துக்குக் குரல் வந்தது. மிச்சத்தை மகள் சொல்லி முடித்தாள். "வேண்டாம்ப்பா!"

காரணம் உண்டு. முன்பு ஒருமுறை, ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் நான் பாட்டைத் தொடங்கினேன். கதவுக் கீல் என்று நினைத்து ஆளுக்கு ஆள் எண்ணெய் கொண்டுவந்தார்கள்.

"கண்காணிப்பாளர் கிட்ட முன்னாடியே சொல்லிடலாமா?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? எங்க அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதனால இன்னைக்குக் கடவுள் வர மாட்டார்னா?"

இதைச் சொன்னதும் அவளே திடுக்கிட்டுப்போனாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வேத புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "போலாம்" என்றாள்.

கண்காணிப்பாளர் ஐயா சரியான நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் கை மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும், அப்படி இஸ்திரி. கைக்கடிகாரத்தைக் காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பது போல அடிக்கடி பார்த்துக்கொண்டார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சரிவைப் பற்றி நான் எச்சரிக்கவில்லை.

மகள் சங்கீதம் வாசித்தாள். "காத்திருப்போம்" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். வெளியே மேம்பாலத்து இரைச்சல் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது.

முதலில் ஒன்றும் இல்லை, எல்லாம் வழக்கம்போல. தையல்காரம்மா பக்கத்தைப் புரட்டினார். சலூன்காரர் தலையைச் சாய்த்தார். பாட்டு வரவில்லை. தையல்காரம்மா தலையைத் தூக்கி என் மனைவியைப் பார்த்தார். அவள் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள். அவ்வளவுதான், பெஞ்சு பெஞ்சாகச் செய்தி ஓடியது. 'குரல் போச்சாம்', 'குரல் போச்சாம்' என்று முணுமுணுப்பு பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. அடுத்து முழங்கைகள் வேலை செய்தன. இவர் அவரை இடிக்க, அவர் அடுத்தவரை இடிக்க, 'நீ ஆரம்பி' என்கிற இடி மண்டபத்தைச் சுற்றிவந்து கடைசியில் முதலில் இடித்தவர் விலாவிலேயே விழுந்தது. சலூன்காரர் விழித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் தூங்க அவருக்கு எப்போதும் வாய்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் நாங்கள் ஆண்டவருக்குக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, என் மனைவிக்குக் காத்திருந்தோம்.

இப்போது எல்லாக் கண்களும் மேடைக்குத் திரும்பின. என் மகள் மேடை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலிலிருந்து வாயை அசைத்துக் கையை அசைத்து, 'ஆரம்பி, யாரா இருந்தா என்ன' என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வாய் நிறையப் பேச்சை வைத்துக்கொண்டு, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கன்னம் உப்பி நிற்பாளே, அதே முகம். அவளுக்குப் பாடத் தெரியும், பேசத் தெரியும், கல்லையும் கரைக்கத் தெரியும். ஒரு வரி போதும். சபை பிழைத்துவிடும்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். மேடையை விட்டு இறங்கினாள். முதல் பெஞ்சில் அவள் தாய்க்குப் பக்கத்தில் வந்து, எல்லாரையும் போல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பார்ப்பதற்கு இனி மேடையிலும் ஆள் இல்லை. அசைவுகள் ஒவ்வொன்றாக அடங்கின. தையல்காரம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். முழங்கைகள் ஓய்ந்தன. கண்காணிப்பாளர் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஐஸ் பாளம் தூக்குகிற பழைய கொக்கிகளில் எங்கள் விளக்குகள் தொங்குகின்றன. அவைகூட ஆடாமல் நின்றன.

இதுவரை சொன்னதில் வேண்டியதை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். லாரியை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இனி வருவதில் கை வைக்காதீர்கள்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவைத் தாண்டி ஓர் எறும்பு வந்தாலும் எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான். தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஒருவர் வந்திருந்தார்.

வெளிச்சம் கூடவில்லை. காற்று வீசவில்லை. யாரும் அலறவில்லை, விழவில்லை. வெளியூர் போயிருந்த அப்பா வீடு திரும்பிவிட்டார் என்று, அவரவர் அறையில் இருக்கும்போதே சத்தம் இல்லாமல் தெரியுமே, அப்படித் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது பழக்கம். சலூன்காரர் கண்ணைத் திறக்காமலே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுவது போல. தையல்காரம்மாவும் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார். வரிசை வரிசையாக எல்லாரும் நகர்ந்தார்கள். யாரும் யாரையும் பார்த்து நகரவில்லை. எல்லார் கண்ணும் மூடியிருந்தது. என் மனைவியும் மகளும் தங்களுக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாரம் பையில் இருந்தது.

பிறகு பாட்டு வந்தது. ஒன்று இல்லை, மூன்று. முதல் பாட்டைத் தொடங்கிப் பழக்கமே இல்லாத சபை என்பதால், தொடங்குவதற்கு முன் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தையல்காரம்மா ஞானஸ்நானப் பாட்டைப் பிடித்தார். அதே நொடியில் சலூன்காரர் அடக்க ஆராதனைப் பாட்டைப் பிடித்தார். அவருக்கு முழுதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மூன்றாவது குரல் மேடைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஞாயிறு பள்ளியில் குழந்தைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டு. பாடியவர் கண்காணிப்பாளர். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவர் முதல் பெஞ்சில் இருந்தார். தரை தன் கடமையைச் செய்திருந்தது.

மூன்று பாட்டும் மோதிக்கொண்டு நின்றன. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயா, நீங்க பாடுங்க" என்றார் தையல்காரம்மா.

"இல்லம்மா, நீங்கதான் மொதல்ல" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் நிறுத்திக்கிறேங்க. இன்னைக்கு யாரும் சாகலையே" என்றார் சலூன்காரர்.

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், தக்கைச் சுவர் தாங்காது என்று நினைத்தேன். என் மனைவி சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

மகள் எழுந்தாள். "மூணையும் பாடிடுவோம்" என்றாள்.

பாடினோம். குழந்தைப் பாட்டில் தொடங்கி, ஞானஸ்நானத்தைக் கடந்து, அடக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். அடக்கப் பாட்டை அவ்வளவு சந்தோஷமாகப் பாடிய சபை வேறு எங்கும் இருந்திருக்காது. நானும் பாடினேன். ஒருவரும் எண்ணெய் கொண்டுவரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கதவைத் திறக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. கடைசிச் சரணத்தில் நினைவு வந்து, இடித்துத் தள்ளிப் பெருமூச்சு விட்டுத் திறந்தால், வாசலில் எங்கள் மாப்பிள்ளை, பாஸ்டரின் கணவர், டீக் கெண்டியோடு நிற்கிறார். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர் அவர்.

"எவ்ளோ நேரமா தட்றேன் மாமா! கை வீங்கிப்போச்சு. உள்ள என்ன நடக்குது?"

"உள்ள வந்து உக்காருங்க மாப்ள. இடம் விட்டு உக்காருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆராதனை முடிந்து எல்லாரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம். கண்காணிப்பாளர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். என் மகளும் நானும் பக்கத்தில் போனோம்.

"இந்தச் சபை எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

எனக்கு இப்படிப்பட்ட கேள்வி வெல்லக்கட்டி. "இதென்னங்க ஐயா, போன வாரம் வந்திருக்கணும் நீங்க..." என்று தொடங்கினேன்.

"அப்பா" என்றாள் மகள்.

நிறுத்திக்கொண்டேன்.

"இல்லைங்க ஐயா" என்றாள் அவள். "இன்னைக்குத்தான். வாரா வாரம் எங்க அம்மா பாட்டை ஆரம்பிப்பாங்க. இன்னைக்கு அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. இத்தனை நாளா நாங்க காத்திருந்தது அம்மாவுக்குத்தான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பொய் சொல்லி சபையைக் காப்பாத்த எனக்கு மனசு வரல."

இத்தனை காலம் திறந்து மூடிய கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கொடுக்கிற காட்சி என் கண்முன் வந்தது. சலூன்காரர் தூரத்தில் நின்று, கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாதி தூக்கி வைத்திருந்தார்.

கண்காணிப்பாளர் டீயை ஒரே மூச்சில் குடித்தார். பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், கட்டிக்கொள்ளவில்லை.

"நான் போற சபைங்கள்ல எல்லாம் ஆண்டவர் வாரா வாரம் தவறாம வர்றார்னுதான்மா சொல்றாங்க" என்றார். "இன்னைக்குத்தான் வந்தார்னு சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான். நானும் இங்க தீர்மானத்தோடதான் வந்தேன். மூடணும்னு." தம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் டீ இருக்கா?"

"இருக்குங்க ஐயா, ஆனா ஆறிப்போச்சு."

"பரவால்ல. அடுத்த தடவ வரும்போது சூடா குடிக்கிறேன். சபை இங்கதானே இருக்கப் போவுது."

சலூன்காரர் கையை முழுதாகத் தூக்கிவிட்டார். "ஐயா! ஐயா!" என்று கத்தினார். அதில் எது கண்காணிப்பாளருக்கு, எது என் மகளுக்கு என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது என் மனைவி மகள் கையை விடவேயில்லை. நான் பின்னால் வந்தேன், தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் எனக்கு வழிவிட வேண்டும் என்கிற நடை. ஊரில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் பாடுகிறார்கள், பேசுகிறார்கள், கூட்டத்தை எழுப்பி நிறுத்துகிறார்கள். என் மகள் வாய் நிறைய வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். எங்கள் பரம்பரையில் இது யாராலும் முடியாத காரியம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், மார் தட்டிச் சொல்லுவேன்.

மனைவிக்குக் குரல் திரும்பிவிட்டது. முன்னைவிடப் பலமாகவே. ஆனாலும் "காத்திருப்போம்" என்றதும் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாள். ஒரு வாரம் தையல்காரம்மா தொடங்குகிறார், ஒரு வாரம் யாரோ ஒரு புதுக்குரல். சில வாரங்களில் நெடுநேரம் ஒன்றும் நடப்பதில்லை. அந்த வாரங்களில் என் மகள், "இன்னைக்கு வரலைன்னு நினைச்சா, வரலைன்னே சொல்லுங்க. அடுத்த வாரமும் காத்திருப்போம்" என்பாள். சபையாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், மறுவாரம் இடம் விட்டு உட்காருவார்கள்.

இப்போதெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் நான் கதவை இறுக்கிச் சாத்துவதில்லை. தாழ்ப்பாளைப் போடாமல் ஒரு கையகலம் ஒருக்களித்து வைக்கிறேன். அவருக்காக இல்லை, அவருக்கு அது தேவைப்படாது என்று கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் மாப்பிள்ளைக்காக.